வெள்ளெழுத்து வந்த பிறகு குறிபார்ப்பது: துப்பாக்கிச் சுடுதலுக்குக் கண்ணாடி தேர்ந்தெடுக்கும் வழி

நாற்பதைத் தாண்டித் துப்பாக்கிச் சுடுதல் பழக வருகிறவர்களும், இளமையில் சுட்டுவிட்டு இடையில் நிறுத்தி மறுபடி ரேஞ்சுக்குத் திரும்புகிறவர்களும் முதலில் சொல்லும் புகார் ஒன்றுதான்: "டார்கெட் பளிச்சுனு தெரியுது, முன் சைட்தான் மசமசன்னு இருக்கு." முன் சைட் என்பது குழல் நுனியில் நிற்கும் சின்னக் குறிமுனை. படிக்கிற கண்ணாடியைப் போட்டுப் பார்ப்பார்கள். டார்கெட் காணாமலே போய்விடும். புரோகிரசிவ் கண்ணாடி (மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்குமாகப் பவர் மாறிக்கொண்டே போகும் லென்ஸ்) வைத்திருப்பவர் தலையை மேலும் கீழும் ஆட்டித் தெளிவான இடத்தைத் தேடுவார். தேடிப் பிடிப்பதற்குள் கை நடுங்க ஆரம்பித்திருக்கும். அடுத்து எல்லோருக்கும் தோன்றுவது, நல்ல விலையில் ஒரு ஷூட்டிங் ஃபிரேம் வாங்கிவிடலாம் என்பது. இப்போதைக்கு வேண்டாம். ஃபிரேம் கடைசியில் வரட்டும். முதலில் வேண்டியது ஓர் அளவு நாடாவும், இந்த வேலைக்கென்றே எழுதப்பட்ட ஒரு பவர் எண்ணும்.

சிக்கல் எங்கே இருக்கிறது

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளமையில் நெகிழ்வாக இருக்கும். தூரத்திலிருந்து கிட்டத்துக்குப் பார்வையைக் கொண்டுவரும்போது அது தானாகத் தடித்துக்கொள்ளும். வயது ஏற ஏற இறுகிப் போய், அந்தத் திறன் குறைகிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஏறக்குறைய 14 டயாப்டர் வரை இருக்கும் இந்தச் சக்தி, ஐம்பதில் 2, 3 டயாப்டர் அளவுக்கு இறங்கி, அறுபதை ஒட்டி ஒன்றும் தேறாத நிலைக்கு வந்துவிடுகிறது. இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். இது நோய் இல்லை, எல்லோருக்கும் வருவது.

டயாப்டர் என்றதும் மிரள வேண்டாம். ஒன்றை மீட்டர் கணக்கில் தூரத்தால் வகுத்தால் டயாப்டர், அவ்வளவுதான். 1 மீட்டரில் இருப்பதைப் பார்க்க 1 டயாப்டர், அரை மீட்டருக்கு 2. பத்து மீட்டரில் இருக்கும் டார்கெட்டுக்கு 0.1 தான், கண்ணைப் பொறுத்தவரை அது "தூரம்". ஐம்பது மீட்டரும் அப்படியே.

சாதாரண சைட் வைத்துச் சுடும்போது மூன்று பொருள்கள் ஒரே கோட்டில் நிற்கின்றன: பின் சைட் (கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளம் அல்லது துளை), முன் சைட், டார்கெட். மூன்றையும் ஒரே நேரத்தில் கூர்மையாகப் பார்க்க எந்த வயதிலும் யாராலும் முடியாது. இருபது வயதுக்காரருக்கும் முடியாதுதான். அவர் கண் வேகமாக மாறி மாறிப் பார்ப்பதால் அது அவருக்குத் தெரிவதில்லை.

அப்படியானால் எதைத் தெளிவாக வைத்துக்கொள்வது? முன் சைட்டை. காரணத்தைக் கணக்கிலேயே பார்க்கலாம். ஏர் பிஸ்டலில் இரண்டு சைட்டுக்கும் நடுவே 32 செ.மீ. இருக்கிறது என்று வையுங்கள். பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் 1 மி.மீ. ஒதுங்கி நின்றால், 10 மீட்டரில் குண்டு ஏறக்குறைய 31 மி.மீ. தள்ளிப் போய் விழும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 11.5 மி.மீ. தான். அதற்கு மாறாக, சைட்டுகள் இரண்டும் ஒழுங்காக இருந்து, துப்பாக்கி முழுதுமாக 1 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் 1 மி.மீ. தான் நகரும். ஆக, டார்கெட் கொஞ்சம் மங்கினால் பெரிய நஷ்டமில்லை. முன் சைட்டின் விளிம்பு மங்கினால் புள்ளிகள் கரைந்துவிடும்.

முதல் வேலை: முழுக் கண் பரிசோதனை

கடை வாசலில் மாட்டியிருக்கும் ரெடிமேட் பிளஸ் கண்ணாடியை வைத்து இதைச் சரிசெய்ய முயல வேண்டாம். அதில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் வரும் மங்கலைத் திருத்தும் பவர்) கிடையாது. உங்களுக்குச் சிலிண்டர் பவர் இருந்து அது திருத்தப்படாமல் இருந்தால், எவ்வளவு பிளஸ் கூட்டினாலும் முன் சைட்டின் ஒரு விளிம்பு கூர்மையாகவும் இன்னொன்று நிழல்போலவும்தான் தெரியும்.

பரிசோதனை முடிந்து வரும் சீட்டில் இவை எழுதப்பட்டிருக்க வேண்டும்: இரு கண்களின் தூரப் பவர், சிலிண்டர், ஆக்சிஸ் (சிலிண்டர் நிற்க வேண்டிய கோணம்), வாசிப்புக்கான கூடுதல் பவர். சர்க்கரை நோய் இருந்தால் ஒரு விஷயம் முக்கியம்: இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கினால் கண்ணின் பவரும் மாறும். மருந்து மாற்றியிருக்கும் சமயத்திலோ, சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோதோ எடுத்த பவருக்குக் கண்ணாடி செய்தால் சில வாரங்களில் அது பொருந்தாமல் போகலாம். நிலைப்பட்ட பிறகு போங்கள். கண்புரை ஆரம்பித்திருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். புரையால் வரும் மங்கலை எந்த லென்ஸும் தீர்க்காது.

குறிபார்க்கும் கண் எது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே சின்னத் துளை வரும்படி சேர்த்து, அதன் வழியாகத் தூரத்தில் ஏதாவது ஒரு பொருளை இரு கண்ணாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது பொருள் மறைகிறதோ அதுதான் ஆதிக்கக் கண்.

அளவெடுப்பது

உங்கள் வழக்கமான நிலையில் நின்று, குண்டில்லாத துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் நீட்டிப் பிடியுங்கள். துப்பாக்கி காலியாக இருப்பதை நீங்கள் ஒருமுறை, உதவிக்கு வந்தவர் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உதவிக்கு வந்தவர் பக்கவாட்டில் நின்று, கண்ணின் ஓரத்திலிருந்து முன் சைட் வரை நாடாவால் அளக்கட்டும். குழலுக்கு முன்னால் யாரும் வரக்கூடாது. பிஸ்டலுக்கு இது பெரும்பாலும் 70 முதல் 85 செ.மீ. வரை வரும், ரைஃபிளுக்கு 1 மீட்டரை ஒட்டி. கை நீளம், கழுத்துச் சாய்வு, குழல் நீளம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அடுத்தவருடைய அளவு உங்களுக்குப் பயன்படாது.

துப்பாக்கியைக் கண் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அளவுக்கு ஒரு கயிற்றை வெட்டி, ஒரு முனையில் கறுப்பு அட்டைத் துண்டை ஒட்டிக்கொண்டு போனால் போதும். துண்டின் அகலம் முன் சைட் அளவே இருக்கட்டும்.

கூட்டல் கணக்கு, பாதியாக்கும் தந்திரம்

பலர் சறுக்குவது இங்கேதான். முன் சைட் 75 செ.மீ. தூரத்தில் இருக்கிறது என்றால் 1.33 டயாப்டர். "இவ்வளவு தூரத்தில் இருக்கும் பொருள் தெரியணும்" என்று சொன்னால், பரிசோதிப்பவர் அதற்கு நேர் பவரை எழுதித் தந்துவிடுவார். அவர் மேல் தவறில்லை. கம்ப்யூட்டர் கண்ணாடிக்கு அப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் அந்தப் பவரில் முன் சைட் கத்திபோலத் தெரியும்போது டார்கெட்டின் கருவட்டம் சாம்பல் புகையாகக் கலைந்துவிடும். எங்கே வைத்துச் சுடுகிறோம் என்பதே புரியாது.

அதனால் பாதியை எடுங்கள். 1.33இல் பாதி 0.67; லென்ஸ்கள் 0.25 படிகளில் வருவதால் +0.75. ரைஃபிளில் 1 மீட்டருக்கு 1 டயாப்டர், பாதி +0.50. இப்படிச் செய்யும்போது பார்வைக் குவியம் முன் சைட்டுக்கும் டார்கெட்டுக்கும் இடையில் ஓரிடத்தில், அதாவது முன் சைட் தூரத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கில் விழுகிறது. இரண்டும் சிறிதளவே மங்கும். புகைப்படக்காரர்கள் ஹைப்பர்ஃபோகல் தூரம் என்று சொல்வதும் இதுதான். ரைஃபிளின் பின் சைட்டில் இருக்கும் சின்னத் துளையே தெளிவின் ஆழத்தைக் கூட்டித் தருவதால், அங்கே +0.50 பெரும்பாலானவர்களுக்குப் போதுமானதாக இருக்கும். பிஸ்டலில் அந்த வசதி இல்லை, அதனால் +0.75இல் ஆரம்பித்து, முன் சைட் இன்னும் கொஞ்சம் கூர்மையாக வேண்டுமென்றால் +1.00க்குப் போகலாம்.

இந்த எண்ணைத் தூரப் பவரோடு கூட்ட வேண்டும். கூட்டும்போது பிளஸ், மைனஸ் குறிகளைக் கவனியுங்கள்:

தூரப் பவர் பூஜ்யம் என்றால், பிஸ்டலுக்கு +0.75.
தூரப் பவர் +1.50 என்றால், +2.25.
தூரப் பவர் −2.00 என்றால், −1.25. (−2.75 இல்லை. இதைத் தலைகீழாகச் செய்து, கண்ணாடி வந்த பிறகு முன்பைவிட மோசமாகத் தெரிகிறதே என்று குழம்புகிறவர்கள் உண்டு.)
தூரப் பவர் −0.75 என்றால், கண்ணாடியே வேண்டாம்.

கடைசி வரியை இன்னொருமுறை படியுங்கள். லேசான கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு இயற்கையே ஷூட்டிங் லென்ஸைப் பொருத்தி அனுப்பியிருக்கிறது. சிலிண்டர் பெரிதாக இல்லையென்றால், வெறும் பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுடலாம். இது தெரியாமலே பணம் செலவழிப்பவர்கள் நிறைய.

சிலிண்டர், ஆக்சிஸ் இரண்டும் சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். அவற்றோடு எதையும் கூட்டக்கூடாது.

செய்து வாங்கும் முன் பரீட்சை

கணக்கு ஒரு தொடக்கம்தான். பரிசோதனை அறையில் லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் டிரயல் ஃபிரேமில் லென்ஸைப் போட்டு, கயிற்றின் நுனியில் உள்ள கறுப்பு அட்டையை அதே தூரத்தில் யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைத் தாள், அதில் ஒரு கறுப்பு வட்டம். ஏர் பிஸ்டல் டார்கெட்டின் கருவட்டம் 59.5 மி.மீ. விட்டம், 10 மீட்டர் தூரத்துக்கு அறை போதாது. 5 மீட்டர்தான் கிடைத்தால் வட்டத்தைப் பாதி அளவில் வரைந்துகொள்ளலாம்.

இப்போது அட்டையின் மேல் விளிம்பை மட்டும் பாருங்கள். பவர் குறைவாக இருந்தால் அந்த விளிம்புக்கு மேல் மெல்லிய சாம்பல் கோடு ஒன்று இரட்டையாக ஓடும். முதல் நொடியில் தெளிவாகத் தெரிந்து, மூன்று நான்கு நொடிகளில் கரைந்தாலும் அதே கதைதான்: கண் தன் மிச்ச சக்தியைப் போட்டு இழுத்துப் பிடித்துப் பார்க்கிறது. பவர் அதிகமென்றால் விளிம்பு வெட்டினாற்போல இருக்கும், ஆனால் பின்னால் உள்ள வட்டம் பெருத்து, ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. சரியான பவரில் அட்டையின் விளிம்பு சுத்தமாக இருக்கும். வட்டம் மென்மையாக, ஆனால் வட்டமாகவே, எல்லை தெரிகிற மாதிரி இருக்கும். வட்டத்தைக் கூர்மையாக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

கால் டயாப்டர் கூட்டி, கால் டயாப்டர் குறைத்து, மூன்றையும் ஒப்பிடுங்கள். சோர்ந்த கண்ணோடும் ஒருமுறை பார்ப்பது நல்லது. நாற்பதுகளில் இருப்பவர்களுக்கு இது குறிப்பாகப் பொருந்தும்: காலையில் +0.50 போதும் என்று தோன்றும் கண், ஒரு மணி நேரச் சுடுதலுக்குப் பிறகு +0.75 கேட்கும். சந்தேகமாக இருந்தால், நீங்கள் போட்டியின் கடைசிப் பகுதியில் இருக்கும் நிலைக்கு ஏற்றதை எடுங்கள்.

வெளிச்சத்தையும் மறக்க வேண்டாம். வயதான கண்ணின் பாவை சுருங்கிவிடுகிறது, லென்ஸும் மஞ்சளிக்கிறது. அறுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதில் சேர்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பவர் மேல் பழி போடும் முன், ரேஞ்சில் விளக்கு போதுமா என்று பாருங்கள்.

லென்ஸும் ஃபிரேமும்

ஒற்றைப் பவர் லென்ஸ்தான் வேண்டும். பைஃபோகலும் புரோகிரசிவும் அன்றாட வாழ்க்கைக்கு நல்லவை, குறிபார்க்க ஆகாது. தலையின் நிலையைத் துப்பாக்கி தீர்மானிக்க வேண்டும், கண்ணாடியின் பட்டை தீர்மானிக்கக்கூடாது.

அடுத்து, லென்ஸின் எந்த இடம் வழியாகப் பார்க்கிறோம் என்பது. ரைஃபிளில் கன்னத்தை ஸ்டாக்கில் (தோளில் அணைக்கும் பின்கட்டை) பதித்துத் தலையை முன்னே சாய்க்கும்போது, சாதாரணக் கண்ணாடியில் பார்வை மூக்கோரமாக மேல் மூலை வழியாகப் போகும். அந்த ஓரத்தில் படம் இடம் பெயர்ந்தும் கோணலாகவும் தெரியும். பவர் அதிகமென்றால் இது இன்னும் கூடும். ஷூட்டிங் ஃபிரேம் என்று தனியாக ஒன்று இருப்பது இதற்காகத்தான். நோப்ளாக், சாம்பியன் போன்றவர்கள் செய்யும் ஃபிரேம்களில் ஒற்றை வட்ட லென்ஸை மேலே, கீழே, பக்கவாட்டில் நகர்த்தி, சாய்த்து, பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாக நிறுத்தலாம். லென்ஸ் விட்டம் வழக்கமாக 23 மி.மீ. அல்லது 37 மி.மீ. ரைஃபிளுக்குச் சிறியது வசதி. பிஸ்டலுக்குப் பெரியதில் சுலபமாக இடம் கிடைக்கும்.

பிஸ்டல் பழக ஆரம்பித்திருக்கும் புதியவருக்கு நான் சொல்வது: தூரப் பவர் சின்னதாக இருந்தால், அகலமான சாதாரண ஃபிரேமில் இந்தப் பவரைப் போட்டு முதலில் சுட்டுப் பாருங்கள். ரைஃபிள்காரர்கள் விரைவிலேயே ஷூட்டிங் ஃபிரேமுக்குப் போய்விடுவது நல்லது.

ஃபிரேமைப் பொருத்த ஒரு எளிய வழி: லென்ஸின் நடுவில் மார்க்கரால் சின்னப் புள்ளி வையுங்கள். காலித் துப்பாக்கியோடு நிலையெடுத்துக் கண்ணை மூடி, உடல் அமைந்த பிறகு திறவுங்கள். புள்ளி பின் சைட்டின் மேல் வந்து உட்கார்ந்தால் சரி. இல்லையென்றால் ஃபிரேமை நகர்த்துங்கள், தலையை நகர்த்தாதீர்கள். அப்புறம் புள்ளியைத் துடைத்துவிடலாம். சிலிண்டர் உள்ள லென்ஸ் என்றால் இன்னொரு கவனம்: வளையத்துக்குள் லென்ஸ் சுழன்றுவிட்டால் ஆக்சிஸ் மாறி எல்லாம் கெட்டுவிடும். கிடைக்கோடு எது என்று லென்ஸ் ஓரத்தில் இரண்டு சின்ன அடையாளம் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

ஐரிஸ் எனப்படும் சுருங்கி விரியும் துளையைப் பிஸ்டல்காரர்கள் லென்ஸுக்கு முன்னால் மாட்டிக்கொள்வதுண்டு. துளை சுருங்கச் சுருங்க முன் சைட், டார்கெட் இரண்டுமே தெளியும், கூடவே இருட்டும். பவரைச் சரியாக்காமல் ஐரிஸை வைத்துச் சமாளிப்பது வீண். வண்ண ஃபில்டர்கள் ரசனையைப் பொறுத்தவை. வெட்டவெளியில் கூசினால் சாம்பல் நிறம் உதவும். உள்ளரங்கில் வயதான கண்ணுக்கு எந்த ஃபில்டரும் ஒளியைத் திருடுவதுதான்.

குறிபார்க்காத கண்ணை இறுக்கி மூடாதீர்கள். முகத் தசை இறுகி, திறந்திருக்கும் கண்ணும் களைக்கும். அதன் முன்னால் ஒளி ஊடுருவும் வெள்ளை மறைப்பு போதும். கறுப்பு மறைப்பு போட்டால் அந்தக் கண்ணின் இருட்டு மற்றக் கண்ணின் பாவையையும் விரித்துவிடும். சர்வதேச துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி முன் மறைப்பு 30 மி.மீ. அகலத்துக்கு மேல் போகக்கூடாது. பக்க மறைப்புக்கு 40 மி.மீ. வரம்பு. பிஸ்டலின் மேலேயே பவர் லென்ஸ் பொருத்தவும் அந்த விதிகள் இடம் தருவதில்லை, கண்ணில் அணிந்துகொள்ளலாம். போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் உங்கள் பிரிவின் விதிப்புத்தகத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பாதுகாப்பு வேறு, பவர் வேறு

ஷூட்டிங் ஃபிரேமின் அந்தச் சின்ன வட்டம் கண்ணைக் காப்பாற்றாது. சாதாரணப் பவர் கண்ணாடியும் அப்படித்தான். தெறித்துத் திரும்பும் சிதறல், காலித் தோட்டா, வாயு இவற்றுக்கெல்லாம் அன்சி இசட்87.1 (அமெரிக்கத் தரம்) அல்லது இஎன் 166 (ஐரோப்பியத் தரம்) சான்று உள்ள கண்ணாடி வேண்டும். பவரோடு சேர்த்து வேண்டுமென்றால் பாலிகார்பனேட், டிரைவெக்ஸ் என்ற பிளாஸ்டிக் வகைகளில் ஒன்றில் செய்து வாங்கலாம். இரண்டுமே அடி தாங்கும். ஓரங்களில் நிறம் பிரிவது டிரைவெக்ஸில் குறைவு. இன்னொரு வழி, பாதுகாப்புக் கண்ணாடிக்கு உள்ளே பவர் லென்ஸைச் செருகும் வகை. இரண்டு பரப்பும் சேர்ந்து பனித்துப்போகும் என்பது அதன் குறை.

ஸ்கோப், ரெட் டாட் வைத்திருப்பவர்களுக்கு

ஸ்கோப் என்பது துப்பாக்கி மேல் பொருத்தும் தொலைநோக்கி; ரெட் டாட் என்பது கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டும் சைட். இவர்களுக்குப் பாடு குறைவு. ஸ்கோப்பில் குறுக்குக்கோடும் டார்கெட்டும் ஒரே தளத்தில் தெரியும். தூரக் கண்ணாடியே போதும். அதை அணிந்துகொண்டு வெற்று வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஸ்கோப் வழியே ஓரிரு நொடி மட்டும் பாருங்கள், கண்ணை எடுங்கள், கண்பக்க வளையத்தைத் திருப்புங்கள், மறுபடி பாருங்கள். வெறித்துப் பார்த்துக்கொண்டே திருப்பினால் கண் தானே சரிசெய்துகொண்டு ஏமாற்றிவிடும்.

ரெட் டாட்டில் புள்ளி வால் முளைத்தோ திராட்சைக் கொத்துபோலவோ தெரிந்தால், சைட்டை அப்படியே சுழற்றிப் பாருங்கள். உருவமும் சேர்ந்து சுழன்றால் கோளாறு சைட்டில். சுழலாமல் நின்றால் உங்கள் கண்ணின் சிலிண்டரில். சிலிண்டர் திருத்திய தூரக் கண்ணாடியைப் போட்டதும் பெரும்பாலும் புள்ளி உருண்டையாகிவிடும்.

கண்ணாடி தீர்க்காதவை

மங்கல் கண் சிமிட்டியதும் விலகி மீண்டும் வந்தால், அது பெரும்பாலும் கண் வறட்சி. குறிபார்க்கும்போது நாம் சிமிட்டுவதே குறைகிறது. குறியெடுக்கும் முன் இரண்டு தடவை முழுதாகச் சிமிட்டுவதைப் பழக்கமாக்குங்கள். அதோடு ஆறு, ஏழு நொடிக்கு மேல் குறியை இழுக்காமல் துப்பாக்கியை இறக்கிவிடுங்கள்.

கண்புரை அறுவைச் சிகிச்சை செய்யப்போகிறீர்கள் என்றால், எந்தக் கண்ணால் குறிபார்க்கிறீர்கள், முன் சைட் எவ்வளவு தூரம் என்பதை லென்ஸ் தேர்வுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். உள்ளே வைக்கும் ஒற்றைக் குவிய லென்ஸ் எந்தத் தூரத்துக்கு என்பதை அவர் தீர்மானிக்க முடியும். பல குவிய லென்ஸ்கள் கண்ணாடித் தேவையைக் குறைக்கும், ஆனால் கறுப்பு வெளுப்பைப் பிரித்துக் காட்டும் கூர்மையைக் கொஞ்சம் விலையாகக் கேட்கும்; குறிபார்ப்பவர்கள் இதை விலாவாரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சிகிச்சைக்குப் பிறகு பவர் நிலைக்கச் சில வாரங்கள் ஆகும். மருத்துவர் சரி என்ற பிறகே புது ஷூட்டிங் லென்ஸ். இதனால் ஆட்டம் முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், ஸ்வீடனின் ஆஸ்கர் ஸ்வானைச் சொல்லுங்கள்: 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அணிப் போட்டியில் வெள்ளி வென்றபோது அவருக்கு வயது 72.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக்கூடாது. திடீரென்று மின்னல் வெட்டுவதுபோல ஒளி, கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, பார்வையின் ஓரத்தில் திரை இறங்குவது, நேர்க்கோடான பின் சைட் விளிம்பு நடுவில் வளைந்து தெரிவது: இவற்றில் எது வந்தாலும் துப்பாக்கியை வைத்துவிட்டு அன்றே கண் மருத்துவரிடம் போங்கள்.